டிஸ்க் இமேஜ் வேற, பேக்கப் வேற: கோஸ்ட் ஃப்ளாப்பி காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும்

வியாசை_சர்வீஸ் (எம்.கே.பி. நகர்)

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம பக்கம் மளிகை மொத்தக்கடை, ஸ்டூடியோ, டியூஷன் சென்டர்னு எங்க சர்வீஸுக்குப் போனாலும் "பேக்கப் இருக்கா?"ன்னு கேட்டா, "இருக்கே, டி டிரைவ்ல கோஸ்ட் போட்டு வச்சிருக்கு"ன்னுதான் இன்னைக்கும் பதில் வருது. ஒரே ஹார்ட் டிஸ்க்கை ரெண்டா பிரிச்சு, கோஸ்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல எடுத்த சி-யோட இமேஜை, அதாவது சி-ல இருக்கற மொத்தத்தையும் ஒரே ஃபைலா எடுத்த நகலை, டி-ல வச்சிருப்பாங்க. விண்டோஸ் கெட்டா பத்து நிமிஷத்துல திரும்ப வந்துடும், உண்மைதான். ஆனா டிஸ்க்கே செத்துட்டா சி, டி, இமேஜ் மூணும் ஒண்ணாப் போயிடும். போன மாசம் கொடுங்கையூர்ல ஒரு டியூஷன் சென்டர்ல இதைப் பார்த்தேன். பல வருஷக் கேள்வித்தாள் எல்லாம் போச்சு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா, அந்த சாஃப்ட்வேர் எதுக்காகப் பிறந்துச்சோ அங்கயே காரணம் இருக்கு. கோஸ்ட் 1995-ல நியூசிலாந்து ஆக்லாந்துல, பைனரி ரிசர்ச்ங்கிற கம்பெனியில மர்ரி ஹேசார்ட் எழுதினது. அதுக்கு முன்னாடி டாஸ், விண்டோஸ் 3.1 இருந்தப்போ ஒரு மெஷின்ல இருக்கறதை எக்ஸ்காப்பிங்கிற கட்டளை போட்டு இன்னொண்ணுக்கு மாத்திடலாம். விண்டோஸ் 95 வந்ததும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸோட அமைப்பு விவரம் எல்லாம் இருக்கிற இடம்), நீளமான ஃபைல் பேரு எல்லாம் வந்து அந்த வழி அடைபட்டுப் போச்சு. நூறு மெஷின் வாங்கின ஆபீஸ் நூத்துலயும் ஒண்ணொண்ணா இன்ஸ்டால் பண்ணிட்டு இருக்க முடியாது. ஒண்ணை முழுசா தயார் பண்ணி, மத்ததுல அப்படியே இறக்கணும். கோஸ்ட் வந்தது அதுக்குத்தான். டேட்டாவைப் பாதுகாக்கறது அதோட முதல் வேலையே கிடையாது.

1998-ல சிமென்டெக் அதை வாங்கிச்சு, நார்ட்டன் பேரு ஒட்டிச்சு. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர், சர்வீஸ் கடை எல்லாத்துலயும் அதுதான் ஓடிச்சு. காலப்போக்குல "கோஸ்ட் இருக்கு"ன்னா "பேக்கப் இருக்கு"ன்னு ஜனங்க மனசுல ஒட்டிக்கிச்சு.

என்கிட்ட வேலை கத்துக்கிற பசங்களுக்கு இந்தக் கதையை முறையா சொல்லித் தரணும்னு ஆசை. அவங்கவங்க துறையில பார்த்ததை எழுதுங்க. பெரம்பூர் ஐயா கண்டிப்பா எழுதணும்.

பெரம்பூர்_லோகோ (ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்)

தம்பி அழைத்ததால் எழுதுகிறேன். உங்கள் கதை 1995-இல் தொடங்குகிறது. அதற்கு 20 ஆண்டுகளுக்கும் முன்பே இரண்டு வேலைகளுக்கும் தனித்தனிக் கருவிகள் இருந்தன.

யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் "டிடி" என்ற கட்டளை 1974-இல் ஐந்தாம் பதிப்போடு வந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளுக்கு வேலை சொல்லும் ஜேசிஎல் மொழியில் இருந்த ஒரு கூற்றைப் பார்த்து வைத்த பெயர். உள்ளே என்ன கோப்பு இருக்கிறது என்று அது பார்க்காது. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே எடுத்து வைக்கும். இன்று நீங்கள் டிஸ்க் இமேஜ் என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் அதுதான் மூத்தது. "டம்ப்" என்ற கருவி ஆறாம் பதிப்பிலும், "டார்" 1979-இல் ஏழாம் பதிப்பிலும் வந்தன. டார் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து டேப்பில் அடுக்கும். முதலாவது நகல் எடுக்கும் வழி. மற்றவை காப்பு வைக்கும் வழி. தொடக்கத்திலேயே பிரிந்துதான் இருந்தன.

ரயில்வேயில் 1960-களிலேயே ஐபிஎம் 1401 இயந்திரங்கள் வந்துவிட்டன. நான் சேர்ந்தபோது அவற்றின் காலம் முடிந்திருந்தாலும், அந்தக் காலத்து ஒழுக்கம் அலுவலகத்தில் இருந்தது. சம்பளப் பட்டியல் ஓடி முடிந்தால் டேப் கழற்றி, மேலே தேதி எழுதி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, வேறொரு கட்டடத்து இரும்பு அலமாரிக்குப் போகும். தினசரி டேப் மகன், வாராந்திர டேப் தந்தை, மாதாந்திர டேப் தாத்தா. மகன் கெட்டால் தந்தை இருப்பார். தந்தையும் கெட்டால் தாத்தா இருப்பார். மூன்று தலைமுறையும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. மழைக்காலத்தில்கூட அந்தப் பெட்டி வெளியே போகாத நாளை நான் பார்த்ததில்லை.

பிறகு பி.சி. வந்தது. 1983-இல் டாஸ் 2.0-வில் பேக்கப், ரெஸ்டோர் என்று இரண்டு கட்டளைகள் வந்தன. 40 எம்பி ஹார்ட் டிஸ்க்கை 1.44 எம்பி ஃப்ளாப்பிகளில் எடுத்தால், சுருக்காமல் எடுக்கும்போது 28 ஃப்ளாப்பி வேண்டும். திருப்பும்போது 19-ஆவது ஃப்ளாப்பி படிக்கவில்லை என்றால் அதில் இருந்த கோப்புகள் போயின. யாரும் விரும்பிச் செய்யவில்லை. 1993-இல் டாஸ் 6-இல் சிமென்டெக்கிடம் உரிமம் பெற்ற எம்எஸ்பேக்கப் வந்தது. பழைய பேக்கப் கட்டளையை எடுத்துவிட்டார்கள். பழைய ஃப்ளாப்பிகளைத் திருப்புவதற்காக ரெஸ்டோரை மட்டும் விட்டு வைத்தார்கள். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. எடுத்து வைத்ததை 10 ஆண்டு கழித்தும் திறக்க வழி வைக்க வேண்டும் என்று அன்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார்.

பெரிய அலுவலகங்களில் டேப் ஒழுக்கம் தொடர்ந்தது. சிறிய கடைகளுக்குப் பி.சி. மட்டும் வந்தது, அந்தப் பதிவேடும் இரும்பு அலமாரியும் வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் கோஸ்ட் வந்து உட்கார்ந்தது என்பது என் கருத்து.

கொருக்குப்பேட்டை_பையன்

ஐயா, சூப்பரா இருக்கு. ஒரு டவுட். டிடி எல்லாத்தையும் பைட் பைட்டா எடுக்கும்னா கோஸ்டும் அதையேதான பண்ணுது? அப்போ 80 ஜிபி டிஸ்க்கோட இமேஜ் எப்படி ரெண்டு சிடி-ல அடங்கிச்சு?

தண்டையார்பேட்டை_டக்ஸ்

தம்பி, கோஸ்டோட திறமையே அங்கதான் இருக்கு. அது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறையைப் புரிஞ்சு படிக்கும். எந்த இடத்துல டேட்டா இருக்கு, எது காலின்னு ஃபேட் அட்டவணையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டு, இருக்கறதை மட்டும் எடுக்கும். 80 ஜிபி டிஸ்க்ல 2 ஜிபிதான் நிரம்பியிருந்தா, அந்த 2 ஜிபி. அதுலயும் "ஹை" கம்ப்ரஷன் போட்டா இன்னும் சுருங்கும். அதனாலதான் சின்ன டிஸ்க்ல எடுத்ததைப் பெரிய டிஸ்க்ல இறக்கினா பார்ட்டிஷனை (சி, டி மாதிரி பிரிச்ச பகுதியை) நீட்டிக் கொடுக்க முடிஞ்சுது. டிடி-யால அது முடியாது.

ஆரம்பத்துல கோஸ்டுக்கு ஃபேட்ங்கிற ஃபைல் சிஸ்டம் மட்டும்தான் புரியும், 1996-ல என்டிஎஃப்எஸ்ங்கிற இன்னொண்ணையும் கத்துக்கிச்சு. புரியாத ஃபைல் சிஸ்டமா இருந்தா செக்டார் செக்டாரா (டிஸ்க்கோட சின்னச் சின்னத் துண்டா) எடுக்கும். "ஐஆர்"னு ஒரு ஸ்விட்ச் கொடுத்தா, புரிஞ்சாலும் பச்சையா முழுசா எடுக்கும். செத்துப்போற டிஸ்க்ல டேட்டா மீட்கறவங்களுக்கு அது உதவிச்சு.

எங்க லினக்ஸ் பக்கத்துக் கதை தைவான்ல இருந்து வருது. அங்க இருக்கிற தேசிய உயர்திறன் கணிப்பு மையத்துல ஸ்டீவன் ஷியாவ் குழு உருவாக்கினதுதான் குளோன்சில்லா. அதுவும் இதே வழிதான். பார்ட்குளோன்ங்கிற கருவி ஃபைல் சிஸ்டம் புரிஞ்சா நிரம்பின இடத்தை மட்டும் எடுக்கும், புரியலைன்னா முழுசா எடுக்கும். காசு கிடையாது, லைசென்ஸ் கீ கிடையாது. அதோட இமேஜ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தா பார்ட்டிஷன் அட்டவணை சாதாரண டெக்ஸ்டா உள்ள இருக்கும். கம்பெனி மூடிட்டாலும் நம்ம இமேஜ் அனாதை ஆகாது. நான் பல வருஷமா இதை விட்டு நகராம இருக்கறதுக்குக் காரணம் அதுதான்.

கெட்டுப்போன டிஸ்க்குன்னா குளோன்சில்லாவும் வேண்டாம், கோஸ்டும் வேண்டாம். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ போடுங்க. 2004-ல அன்டோனியோ டியாஸ் எழுதினது. முதல்ல நல்லா படிக்கிற இடத்தை எல்லாம் வேகமா எடுத்துடும். மோசமான இடத்தைக் குறிச்சு வச்சிக்கிட்டு கடைசியா திரும்ப வரும். நடுவுல கரண்ட் போனாலும் மேப் ஃபைல் இருக்கறதால விட்ட இடத்துல இருந்து தொடரும்.

எண்ணூர்_அட்மின்

எல்லாரும் நல்லா எழுதறீங்க. ஆபீஸ் பக்கத்துல இருந்து என் பங்கு.

கோஸ்ட் மல்டிகாஸ்ட் வந்த பிறகு லேப்ல எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல இறக்க முடிஞ்சுது. சர்வர் ஒரு தடவை அனுப்பும், எல்லா மெஷினும் சேர்ந்து வாங்கிக்கும். காலேஜ் லேப்ல வேலை பார்த்தவங்களுக்கு அந்த நீலக் கலர் ஸ்க்ரீன் நல்லா ஞாபகம் இருக்கும்.

அதோட வந்த தலைவலி எஸ்ஐடி. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது மெஷினுக்கு ஒரு அடையாள எண் உருவாகும். இமேஜை இறக்கினா எல்லா மெஷினுக்கும் ஒரே எண். அதை மாத்த மைக்ரோசாஃப்ட் சிஸ்பிரெப் கொடுத்துச்சு. சிஸ்இன்டர்னல்ஸ்ங்கிற டூல் தொகுப்புல நியூசிட்னு ஒரு சின்ன டூல் இருந்துச்சு, நம்ம ஆளுங்க எல்லாம் அதைத்தான் போட்டாங்க. 2009-ல அதை எழுதின மார்க் ருசினோவிச்சே, மெஷின் எஸ்ஐடி ஒண்ணா இருக்கறதால பெரிசா பிரச்சினை இல்லைன்னு சொல்லி டூலை நிறுத்திட்டார். அதை நம்பி நிறைய பேர் சிஸ்பிரெப்பை விட்டாங்க. 2025 ஆகஸ்ட் கடைசியில வந்த விண்டோஸ் 11 அப்டேட்ல இருந்து, ஒரே எஸ்ஐடி இருக்கிற மெஷின்களுக்கு நடுவுல லாகின், ஷேர்டு ஃபோல்டர் எல்லாம் மறுக்கப்படுது. ஆபீஸ்ல திடீர்னு ஷேரிங் போச்சுன்னு யாராவது கூப்பிட்டா, முதல்ல இமேஜ் போட்டு இறக்கின மெஷினான்னு கேளுங்க.

அடுத்து பவர்குவெஸ்ட். டிஸ்க்கைப் பிரிக்கிற பார்ட்டிஷன் மேஜிக் போட்ட கம்பெனிதான் டிரைவ் இமேஜ்ங்கிற இமேஜ் சாஃப்ட்வேரும் கொண்டு வந்துச்சு. 2003-ல சிமென்டெக் அந்தக் கம்பெனியையும் வாங்கிச்சு. 2004-ல வந்த நார்ட்டன் கோஸ்ட் 9 உண்மையில டிரைவ் இமேஜ் 7-ஓட வழித்தோன்றல். பேர் மட்டும் கோஸ்ட். பழைய டாஸ் கோஸ்ட் 2003-ஐத் தனி சிடி-யா அதே பெட்டியில போட்டுக் கொடுத்தாங்க. புதுசு விண்டோஸ் ஓடும்போதே இமேஜ் எடுக்கும், மாறினதை மட்டும் தொடர்ந்து எடுக்கும். நம்ம வியாசை அண்ணன் சொன்ன ரெண்டு வேலையும் ஒரே டப்பாக்குள்ள வந்தது அந்த இடத்துலதான்.

ஓடிக்கிட்டு இருக்கும்போது எடுக்கறதுன்னா சும்மா இல்லை. நீங்க பாதி டிஸ்க் எடுத்திருக்கும்போது யாராவது ஒரு ஃபைலை மாத்தினா, முன்பாதி பழசும் பின்பாதி புதுசுமா இமேஜ் கந்தலாயிடும். எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்துல விஎஸ்எஸ்னு ஷேடோ காப்பி வந்து அதைத் தீர்த்துச்சு. ஒரு நொடியில டிஸ்க்கோட நிலையை நிறுத்தி வச்சு, அந்த நிலையில இருந்து படிக்கலாம். இன்னைக்கு விண்டோஸ்ல ஓடற அக்ரோனிஸ், மேக்ரியம், வீம்னு பெரும்பாலானது அது மேலதான் நிக்குது.

வியாசை_சர்வீஸ்

அருமை தம்பி. என் பங்குக்கு ஒண்ணு சேர்க்கறேன், பசங்களுக்காக. 1999 ஏப்ரல் 26, சிஐஹெச் வைரஸ். செர்னோபில்னு சொன்னாங்க. விண்டோஸ் 95, 98 மெஷின்ல டிஸ்க்கோட முதல் 1 எம்பி-யை சைபரால நிரப்பிடும். சில மதர்போர்டுல பயாஸையும் (மெஷினை முதல்ல எழுப்பற சின்ன புரோகிராம்) அழிச்சுடும். அன்னைக்குக் காலையில பிரவுசிங் சென்டர்ல மெஷின் போட்டவங்களுக்கு எல்லாம் கருப்பு ஸ்க்ரீன்தான். கோஸ்ட் ஃப்ளாப்பியும் சிடி-ல இமேஜும் வச்சிருந்தவங்க மறுநாள் கடை திறந்துட்டாங்க. பயாஸ் போனவங்க போர்டைத் தூக்கிக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனாங்க.

பிரவுசிங் சென்டருக்கு அதுல எந்த நஷ்டமும் இல்லை, ஏன்னா அங்க கஸ்டமர் டேட்டானு எதுவும் கிடையாது. இமேஜ் அவங்களுக்குப் போதும். அதைப் பார்த்துட்டு பக்கத்துல இருந்த டிடிபி கடைக்காரரும் "எனக்கும் அதே போட்டுக் கொடு"ன்னு கேட்டார். அவர் மெஷின்ல தினமும் புதுசா கல்யாணப் பத்திரிகை டிசைன் சேர்ந்துக்கிட்டே இருக்கும். ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்த இமேஜை இறக்கினா ஆறு மாச டிசைன் காலி. சர்வீஸ் ஆளும் சி-யை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டுப் போயிடுவார். தப்பு மென்பொருள்ல இல்லை. அந்தக் கடைக்கு எந்த வேலைக்கு எது வேணும்னு யாரும் உட்கார்ந்து பேசல.

ஹைரன்ஸ் பூட் சிடி-யும் சொல்லணும். பாரிஸ், பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட்னு எங்க பார்த்தாலும் கிடைச்சுது. கோஸ்ட், பார்ட்டிஷன் மேஜிக் எல்லாம் ஒரே சிடி-க்குள்ள. காசு கொடுத்து கோஸ்ட் வாங்கினவரை நான் நேர்ல பார்த்ததே அபூர்வம். பழைய ஹைரன்ஸ் 2012-ல 15.2 பதிப்போட நின்னுச்சு. இப்போ வர்ற பிஇ பதிப்புல இலவச டூல் மட்டும்தான் இருக்கு.

சௌகார்பேட்டை_கணக்கு

நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலை. மின்ட் ஸ்ட்ரீட், கோவிந்தப்ப நாயக்கன் தெரு பக்கம் ஹோல்சேல் கடைங்களுக்கு டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல கணக்கு பார்க்கிறேன். எங்களுக்கு டிஸ்க் இமேஜே தேவையில்லைங்கிறது என் வாதம்.

டேலி டேட்டானா ஒரு ஃபோல்டர். உள்ள 10000, 10001-னு கம்பெனிக்கு ஒரு ஃபோல்டர். பத்து வருஷக் கணக்கும் ஒரு பென்டிரைவ்ல அடங்கிடும். மெஷின் போனா புதுசு வாங்கி, டேலி இன்ஸ்டால் பண்ணி, ஃபோல்டரைப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு 100 ஜிபி இமேஜ்? ராத்திரி கடை சாத்தும்போது பேக்கப் எடுத்து பென்டிரைவை முதலாளி சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவார். பெரம்பூர் ஐயா சொன்ன வேற கட்டடம் அதுதான்.

ஒண்ணே ஒண்ணு: ஒரே பென்டிரைவ்ல தினமும் மேல மேல எழுதக் கூடாது. இன்னைக்கு டேட்டா கெட்டுப்போயி அது தெரியாம பேக்கப் எடுத்தா, நல்லா இருந்த நேத்தைய பேக்கப்பும் போச்சு. நான் கிழமைக்கு ஒரு ஃபோல்டர், மாசக் கடைசிக்குத் தனி ஃபோல்டர், மார்ச் 31-க்கு அழிக்கவே கூடாத ஒண்ணுன்னு வச்சிருக்கேன்.

பெரம்பூர்_லோகோ

மகன், தந்தை, தாத்தா! உங்கள் மார்ச் 31 ஃபோல்டரை நான் கொள்ளுத்தாத்தா என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். மிக்க மகிழ்ச்சி.

ஸ்டூடியோ_ராயபுரம்

கணக்கு அண்ணே, உங்களுக்கு பென்டிரைவ் போதும். எங்களுக்கு ஒரு கல்யாணம்னா ஃபோட்டோ, வீடியோ சேர்ந்து 500 ஜிபி-க்கு மேல போகுது. முகூர்த்த மாசத்துல எவ்வளவு சேரும்னு பார்த்துக்கோங்க. அதுவும் ஒருத்தர் வாழ்க்கையில ஒரு தடவை நடக்கிற விஷயம். திரும்ப எடுத்துக் கொடுக்க முடியாது. அந்தப் பொறுப்பு எனக்கு எப்பவும் இருக்கு.

ஃபோட்டோகிராஃபர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 விதியைத்தான் நாங்க பிடிச்சுக்கிட்டு இருக்கோம். மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற இடத்துல. எங்க துறை ஆள் சொன்னதுதான் இன்னைக்கு உலகம் பூரா ஐடி கம்பெனிக்கும் பாடம்.

2023 டிசம்பர் மிச்சாங் புயல்ல எங்க தெருவுல கடைக்குள்ள முழங்கால் தண்ணி. ரெண்டு நாள் உள்ள போக முடியல. சிபியூ முழுகிடுச்சு, மேஜைக்குக் கீழ இருந்த எக்ஸ்டர்னலும்தான். மாதவரத்துல தங்கச்சி வீட்டு பீரோவுல இருந்த டிஸ்க்தான் அந்த வருஷத்துக் கல்யாணம் எல்லாத்தையும் காப்பாத்துச்சு. வாராவாரம் ஒண்ணு அங்க போகும், பழசு இங்க வரும்.

தண்ணியில நனைஞ்ச டிஸ்க் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. சாதாரண டிஸ்க்ல காத்து போய் வர சின்ன துவாரம் இருக்கும், தண்ணியும் அது வழியா உள்ள போகும். ஹேர் டிரையர் போட்டுக் காய வச்சு, கரண்ட் கொடுத்துப் பார்த்தவங்க எல்லாம் மொத்தமா இழந்துட்டாங்க. டிஸ்க் தட்டு மேல சேறு இருக்கும்போது அதைப் படிக்கிற ஹெட் ஓடினா உரசிடும். கரண்டே கொடுக்காம மீட்பு லேபுக்குக் கொண்டு போகணும். ஹீலியம் அடைச்ச பெரிய டிஸ்க் சீல் பண்ணினது, அதோட கதை வேற.

இன்னொண்ணு ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேட்கிற வைரஸ். பக்கத்து ஸ்டூடியோவுல ஸ்டாப் (STOP)ங்கிற வகை வந்து எல்லா ஃபைலுக்கும் பேர் மாறிடுச்சு. அது ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி அளவுக்குத்தான் பூட்டும், அதனால வேகமா முடிச்சுடும். கூடவே ஷேடோ காப்பியையும் அழிச்சுடும். செருகியே வச்சிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் போச்சு. பெரிய வீடியோ ஃபைல் சிலதை மட்டும் நடுப்பகுதியில இருந்து மீட்டாங்க. பேக்கப் டிஸ்க்கை வேலை முடிஞ்சதும் கழட்டி வைங்க, தயவு செஞ்சு.

கொருக்குப்பேட்டை_பையன்

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. அப்போ ரெய்டு (ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்ல ஒரே நேரத்துல எழுதறது) போட்டா? ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணு இருக்கும்ல? இல்லைனா ரெண்டு சர்வர் ஒண்ணை ஒண்ணு பார்த்து காப்பி பண்ற மாதிரி வச்சா?

எண்ணூர்_அட்மின்

தம்பி, உன் கேள்விக்கு உலகத்துலயே பெரிய பதில் 2017 ஜூன்ல கிடைச்சுது. நாட்பெட்யாங்கிற வைரஸ். ஹார்பர்ல மேர்ஸ்க் பேரு போட்ட கன்டெய்னரை நீ தினமும் பார்த்திருப்ப. அந்தக் கப்பல் கம்பெனி நெட்வொர்க் முழுக்க அடிவாங்கிச்சு. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல அவங்க டெர்மினலும் நின்னுச்சு. திரும்ப எழுந்திருக்க 45,000 பி.சி., 4,000 சர்வர் மறுபடி இன்ஸ்டால் பண்ணினாங்க. பத்து நாள்ல முடிச்சாங்கன்னு அவங்க சேர்மனே 2018-ல சொன்னார். இமேஜோட பலம் அது. ஒரே மாதிரி மெஷினைத் திரும்பத் திரும்ப இறக்கலாம்.

ஆனா அவங்க சிக்கின இடம் டொமைன் கன்ட்ரோலர். யார் யூசர், யாருக்கு என்ன அனுமதின்னு இருக்கிற மொத்தக் கணக்கும் அதுலதான். உலகம் பூரா நூத்துக்கும் மேல வச்சிருந்தாங்க, ஒண்ணை ஒண்ணு பார்த்து காப்பி பண்ணிக்கும். அதனால அதுக்குன்னு தனியா பேக்கப் வைக்கல. எல்லாமே ஒரே நேரத்துல அழிஞ்சுது. கானா நாட்டு ஆபீஸ்ல மட்டும் ஒண்ணு பிழைச்சுது, ஏன்னா வைரஸ் பரவின நேரத்துல அங்க கரண்ட் கட்! அந்த டிஸ்க்கை ஆள் கையில கொடுத்து, விமானத்துல இங்கிலாந்து கொண்டு போய், அதை வச்சு எல்லாத்தையும் எழுப்பினாங்க.

ரெய்டும் அப்படித்தான். நல்லதை மட்டும் பார்த்து காப்பி பண்ணாது, கெட்டதையும் அதே நொடியில காப்பி பண்ணும். டிஸ்க் செத்தா கடை நிக்காம ஓடறதுக்கு ரெய்டு. அழிஞ்சது திரும்ப வர்றதுக்கு பேக்கப்.

கொடுங்கையூர்_கேமர்

நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன். இமேஜ் வேற பேக்கப் வேறன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. நான் வாராவாரம் எக்ஸ்டர்னல்ல முழு இமேஜ், தினமும் இன்க்ரிமென்டல் (முந்தினதுக்கு அப்புறம் மாறினது மட்டும்) எடுக்கறேன். உள்ள போய் தனி ஃபைலும் எடுத்துக்கலாம். இது பேக்கப் இல்லைன்னா என்ன?

வியாசை_சர்வீஸ்

தம்பி, நீ செய்யறது பேக்கப்தான், நல்ல பேக்கப். எண்ணூர் தம்பி சொன்ன மாதிரி 2004 வாக்குல ரெண்டும் ஒண்ணா சேர்ந்துடுச்சு. வேற டிஸ்க்ல இருக்கு, தேதி வாரியா பின்னால போக முடியும், தனி ஃபைலும் வரும். இந்த மூணும் இருந்தா இமேஜுன்னு சொன்னாலும் பேக்கப்னு சொன்னாலும் ஒண்ணுதான். நான் சொல்றது இந்த மூணுமே இல்லாம டி டிரைவ்ல தூங்கற ஒத்தை ஃபைலைப் பத்தி.

இன்க்ரிமென்டல்ல ஒரு விஷயம் பார்த்துக்கோ. ஒவ்வொண்ணும் முந்தினதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். புதன்கிழமை ஃபைல் கெட்டா வியாழன், வெள்ளி எதுவும் திறக்காது. டிஃபரன்ஷியல்னா ஒவ்வொண்ணும் முழு இமேஜை மட்டும்தான் நம்பி இருக்கும், இடம் அதிகம் பிடிக்கும், ஆனா நடுவுல ஒண்ணு போனா மத்தது பிழைக்கும். இடம் இருந்தா எங்க கஸ்டமருக்கு நான் டிஃபரன்ஷியல்தான் போட்டுத் தர்றேன்.

தண்டையார்பேட்டை_டக்ஸ்

அந்தச் சங்கிலிப் பிரச்சினைக்குப் புதுத் தலைமுறை வேற வழி கண்டுபிடிச்சுது. 1996-ல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் ஆர்சிங்க் கொண்டு வந்தாங்க. ஃபைல்ல மாறின துண்டை மட்டும் அனுப்பும். ஆப்பிள் 2007-ல மேக்கோட லெப்பர்ட் பதிப்போட டைம் மெஷின்ங்கிற பேக்கப் டூலைக் கொடுத்துச்சு. மாறாத ஃபைலுக்கு ஹார்ட் லிங்க் (ஏற்கனவே இருக்கிற காப்பியையே காட்டற குறி) போட்டு, ஒவ்வொரு தேதியும் முழு பேக்கப் மாதிரியே தெரியும். சாதாரண வீட்டு ஆள் பேக்கப் எடுக்க ஆரம்பிச்சதே அதுல இருந்துதான்னு நான் நினைக்கிறேன், ஏன்னா டிஸ்க்கைச் செருகினா கேட்கும், ஆமாம்னு சொன்னா போதும்.

அப்புறம் 2015-ல போர்க், ரெஸ்டிக்னு ரெண்டு பேக்கப் டூல் வந்துச்சு. டேட்டாவைத் துண்டு துண்டா வெட்டி, ஒரே துண்டு ரெண்டு தடவை வந்தா ஒரு தடவைதான் வைக்கும். சங்கிலியே கிடையாது. நடுவுல எந்தத் தேதியை வேணும்னாலும் நீக்கலாம். எல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைக்கலாம், அதனால வேற ஆள் வீட்டுல டிஸ்க் வச்சாலும் பயமில்லை. ஸ்டூடியோ அக்காவுக்கு ரெஸ்டிக் நல்லா பொருந்தும்.

பழைய இமேஜை இறக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பி பார்ட்டிஷன் 63-ஆவது செக்டார்ல தொடங்கும், விஸ்டாவுக்கு அப்புறம் 2048-ல. இப்போ டிஸ்க் எல்லாம் உள்ளுக்குள்ள 4 கேபி செக்டார். பழைய தொடக்கத்தோட அப்படியே இறக்கினா டிஸ்க்ல ஒவ்வொரு தடவை எழுதும்போதும் ரெண்டு செக்டாரைத் தொடும், மெஷின் ஊர்ந்து போகும். டிஸ்க் மேல பழி போடாதீங்க, பார்ட்டிஷன் தொடக்கத்தைப் பாருங்க.

ஸ்டூடியோ_ராயபுரம்

நன்றி தம்பி. எல்லாம் பூட்டி வைக்கலாம்னு சொன்னீங்களே, பாஸ்வேர்டு மறந்தா?

தண்டையார்பேட்டை_டக்ஸ்

மறந்தா யாராலயும் திறக்க முடியாது அக்கா. தாள்ல எழுதி, டிஸ்க் இல்லாத இடத்துல வைங்க. வீட்டுப் பத்திரம் வைக்கிற இடம் சரியா இருக்கும்.

கொடுங்கையூர்_கேமர்

மேக்ரியம் ஃப்ரீ வச்சிருந்தவங்க என்ன பண்றீங்க? 2024 ஜனவரி 1-ஓட அதுக்கு ஆதரவு நின்னுடுச்சே.

எண்ணூர்_அட்மின்

வீம் ஏஜென்ட் விண்டோஸுக்கு இலவசப் பதிப்பு இருக்கு, வீட்டு மெஷினுக்குத் தாராளமாப் போதும். கம்பெனி இலவசத்தை எப்போ வேணும்னாலும் நிறுத்தலாம், நார்ட்டன் கோஸ்டே 2013 ஏப்ரலோட நின்னுச்சு. அதனால எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் அதோட ரெஸ்க்யூ யுஎஸ்பி-யும் (விண்டோஸ் எழும்பாதப்போ இமேஜை இறக்க உதவறது) இன்ஸ்டாலர் ஃபைலும் இமேஜ் பக்கத்துலயே இருக்கணும்.

புது லேப்டாப் வச்சிருக்கிறவங்க இதையும் பாருங்க. விண்டோஸ் 11 24ஹெச்2 புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா, டிஸ்க் தானாவே பூட்டப்படுது. வெளியில இருந்து குளோன்சில்லா போட்டா அதுக்கு உள்ள எதுவும் புரியாது, 512 ஜிபி-யும் முழுசா எடுக்கும். அந்த இமேஜை வேற போர்டுல இறக்கினா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீ அக்கவுண்ட்ல இருக்கான்னு இன்னைக்கே உள்ள போய்ப் பாருங்க. எஸ்எஸ்டி-ல அழிச்ச இடத்தைத் தானே காலி பண்ற டிரிம் ஓடறதால, அழிஞ்ச ஃபைலை டூல் போட்டு மீட்கலாம்ங்கிற பழைய நம்பிக்கையும் கிட்டத்தட்ட போச்சு.

கொருக்குப்பேட்டை_பையன்

அண்ணே, கடைசியா. எடுத்து வச்ச இமேஜ் சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? வெரிஃபைன்னு பட்டன் இருக்கே, அது போதுமா?

எண்ணூர்_அட்மின்

வெரிஃபை பண்ணினா எழுதினது கெடாம இருக்குன்னு தெரியும். அது பூட் ஆகுமான்னு தெரியாது. 2017 ஜனவரியில, புரோகிராம் கோடு சேமிச்சு வைக்கிற கிட்லேப் கம்பெனி தவறுதலா தங்களோட டேட்டாபேஸை அழிச்சுட்டு பேக்கப்பைத் தேடினாங்க. டேட்டாபேஸ் நகல் எடுக்கிற டூல் பதிப்பு பொருந்தாம நாளா தோத்துக்கிட்டே இருந்திருக்கு, யாருக்கும் மெயில் போகல. ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக ஒருத்தர் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்துச்சு. அதை எல்லாம் அவங்களே வெளிப்படையா எழுதி வச்சாங்க, அதுக்கு நான் மரியாதை வச்சிருக்கேன்.

நீ வர்சுவல்பாக்ஸ்ல (மெஷினுக்குள்ளயே இன்னொரு மெஷின் ஓட்டற சாஃப்ட்வேர்) காலியா ஒரு மெஷின் உருவாக்கு. ரெஸ்க்யூ யுஎஸ்பி-யோட ஐஎஸ்ஓ-வை அதுல பூட் பண்ணி, எக்ஸ்டர்னல்ல இருக்கிற இமேஜை இறக்கிப் பாரு. விண்டோஸ் எழுந்துச்சுன்னா உள்ள போய் நாலஞ்சு ஃபோட்டோ, ஒரு பெரிய வீடியோ, ஒரு எக்செல் ஃபைல் திறந்து பாரு. யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலா வந்தது) மெஷின்ல எடுத்த இமேஜா இருந்தா வர்சுவல்பாக்ஸ் செட்டிங்ல ஈஎஃப்ஐ டிக் பண்ண மறக்காத, இல்லைனா பூட் ஆகாது, இமேஜ் கெட்டுப்போச்சுன்னு பயந்துடுவ.

வியாசை_சர்வீஸ்

சனிக்கிழமை சாயங்காலம் கடையில பசங்களை வச்சு இதையேதான் செஞ்சு காட்டப் போறேன். கொருக்குப்பேட்டை தம்பி, நீயும் வா. ஒரு பழைய 500 ஜிபி டிஸ்க் எடுத்துட்டு வந்தா போதும், உள்ள இருக்கறதை முதல்ல வேற இடத்துல காப்பி பண்ணிட்டு எடுத்து வா.